முட்டி மோதி ஆடுவதற்கான விதிமுறைகள்

1

கோலார் தங்கவயலை விட்டு ஜெர்மனிக்கு வந்து இந்த மாதத்தோடு பதினைந்து ஆண்டுகள் முடிகின்றன. இத்தனை நாளில் என்ன கற்றீர்கள் என்று ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: குப்பையைப் பிரிக்கக் கற்றேன். தேநீர்ப் பையின் இலை ஒரு தொட்டி, பையின் உறை இன்னொரு தொட்டி, நூல் நுனியில் தொங்கும் காகிதத் துண்டு மூன்றாவது தொட்டி. பக்கத்து வீட்டுக்காரர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். அவருக்குச் சந்தேகம் வந்தால் என் கதவைத் தட்டுகிறார்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. முப்பத்தோரு ஆண்டுகள் சுரங்கத்தின் பாதுகாப்புப் பிரிவில் இருந்தவன் நான். பூமிக்குக் கீழே ஒருவன் தும்மினாலும் அதற்கு ஒரு விதி எண் சொல்வேன் என்று கேலி பேசுவார்கள். தங்கவயலில் நாங்கள் குடியிருந்த சாம்பியன் ரீப்ஸில் என் பெயர் இன்று பலருக்கு நினைவில்லை. ‘சேஃப்டி சார்’ என்றால் தெரியும். கம்பெனியை மூடினார்கள். சில ஆண்டுகளில் மனைவியும் போய்ச் சேர்ந்தாள். மகள் கூப்பிட்டாள், வந்துவிட்டேன்.

நான் இருப்பதும் ஒரு சுரங்க ஊர்தான். தங்கமில்லை, நிலக்கரி. அதையும் மூடிவிட்டார்கள். எங்கள் ஊரில் மூடியதும் பூட்டுப் போட்டார்கள்; இவர்கள் மூடியதும் டிக்கெட் போட்டார்கள். தொழிலாளர்கள் உடை மாற்றிய பெரிய கூடம் இப்போது ராக் இசைக்கூடம். ஷிஃப்டுக்கு இறங்குகிறவர் தன் சட்டையைச் சங்கிலியில் மாட்டிக் கூரைவரை ஏற்றிவிடுவாராம். அந்தச் சங்கிலிகள் இன்னும் தொங்குகின்றன. அவற்றின் கீழே வார இறுதிகளில் பிள்ளைகள் குதிக்கிறார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் பேத்தி மீராவுக்குப் பதினைந்து வயது. அந்த வயதில் பெரியவர் துணையில்லாமல் அங்கே நுழைய முடியாது. பெற்றோர் வர இயலாவிட்டால், இன்ன நாள், இன்ன மணிவரை, இன்னாரிடம் மேற்பார்வைப் பொறுப்பை ஒப்படைக்கிறோம் என்று ஒரு படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். மகளுக்கும் மருமகனுக்கும் அன்று வேலை. வீட்டில் வேலையற்றவன் நான் ஒருவன். படிவத்தைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. மூன்று பிரதிகள் எடுத்தேன்.

“தாத்தா, ஒண்ணு போதும். அவங்க பாக்கவே மாட்டாங்க,” என்றாள் மீரா.

பார்த்தார்கள். வாசலில் நின்ற, கை முழுக்கப் பச்சை குத்திய பெண் வரி வரியாகப் படித்துவிட்டு, இவ்வளவு ஒழுங்காக நிரப்பிய படிவத்தைத் தான் கண்டதே இல்லை என்றாள். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் மீராவிடம் பேசும்போது என் குரலே வேறாக இருந்தது.

2

அந்த ஆட்டத்துக்கு மோஷ் என்று பெயர். பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். கூட்டத்தின் நடுவே ஒரு வட்டம் விலகித் திறக்கும். பாட்டு உச்சத்துக்குப் போனதும் முப்பது நாற்பது பேர் அதற்குள் பாய்ந்து, தோளால் தோளை இடித்து, முட்டி, மோதி, சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். தங்கவயலின் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குப் புறப்படும் காலை ரயிலில் இடம் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ரயில் மட்டும் கிடையாது.

முதல் ஐந்து நிமிடம் என் கை தானாகச் சட்டைப்பையில் நோட்டுப் புத்தகத்தைத் தேடியது. பிறகுதான் கவனித்தேன். ஒரு பையன் வழுக்கினான். அவன் முதுகு தரையைத் தொட்டதா இல்லையா என்று தெரிவதற்குள் ஐந்தாறு கைகள் அவனைத் தூக்கி நிறுத்திவிட்டன. தூக்கியவர்களில் ஒருவன், ஒரு நொடி முன்பு அவனை இடித்தவன். இன்னொருவன் யாருடையதோ ஒரு ஷூவைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றான். உரியவன் வந்து வாங்கும்வரை ஒருவரும் அவனை இடிக்கவில்லை. எங்கும் எழுதி ஒட்டாத விதிகள். மீறியவர் எவருமில்லை. நான் முப்பத்தோரு ஆண்டுகள் சுவர் சுவராக விதிகளை எழுதி ஒட்டியவன். சற்றுப் பொறாமையாகத்தான் இருந்தது.

தங்கவயலில் இதற்கு ஈடாக நான் பார்த்தது, சாவு ஊர்வலத்தில் பறைக்கு முன்னால் ஆடும் ஆட்டம். அதிலும் விழுந்தவரைத் தூக்குவார்கள். ஆனால் தூக்கி நேரே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவர் விழுந்த காரணம் வேறு.

வெளியே வந்ததும் மீரா, எப்படி இருந்தது என்று கேட்டாள். ஏற்பாட்டில் குறையில்லை என்றேன். என் வாயிலிருந்து வரக்கூடிய ஆகப் பெரிய பாராட்டு அது. அவளுக்கு அது தெரியாது. அடுத்த மாதமே டிரம்ஸ் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். அதற்கான படிவத்தை அவளே நிரப்பினாள். இரண்டு இடத்தில் தப்பு.

3

டிசம்பர் தோறும் தங்கவயலுக்குப் போய்வருவது என் வழக்கம். தங்கை சரோஜா வீட்டில் தங்குவேன். சென்ற ஆண்டு என் இதயத்தில் ஒரு சிறு ரிப்பேர் பார்த்த மருத்துவர், இனி தனியாக விமானம் ஏறக்கூடாது என்று எழுதியே கொடுத்துவிட்டார். எழுத்தில் வந்ததை மீறி எனக்குப் பழக்கமில்லை. மகளுக்கோ மருமகனுக்கோ அந்த மாதம் விடுப்பு கிடைக்காது. மிச்சம், பள்ளி விடுமுறையில் இருக்கும் மீரா. அவள் முன்பே அறிவித்துவிட்டாள்.

“அங்க எனக்கு ஒண்ணுமே இல்ல தாத்தா. எல்லாரும் கன்னத்தக் கிள்றாங்க. சாப்டியான்னு கேக்கறாங்க. சாப்டேன்னு சொன்னா மறுபடி போடறாங்க. இந்த ஒரு தடவ வரேன். அவ்ளோதான்.”

ஆக, மீரா வராவிட்டால் நானும் போக முடியாது. அவளுக்கு இது கடைசி என்றால் எனக்கும் இதுவே கடைசி. எழுபத்துநான்கு வயதில் இதை ஒரு பதினேழு வயதுப் பெண்ணிடம் சொல்லியிருக்கலாம். கண்ணில் கொஞ்சம் நீரோடு சொல்லியிருந்தால் வேலையும் நடந்திருக்கும். நான் சொல்லவில்லை. கட்டாயப்படுத்திப் பெற்ற ஒப்புதல் செல்லாது என்பது எல்லா நாட்டுச் சட்டத்திலும் இருக்கிறது.

வழி அவளே கண்டுபிடித்தாள். இணையத்தில் தேடி, சாம்பியன் ரீப்ஸில் ஒரு ராக் குழு இருப்பதை அறிந்தாள். தலைவன் ஜோஷுவா, பெங்களூரில் வேலை பார்ப்பவன். போகவர ரயிலிலேயே பாட்டெழுதுகிறவன். அவர்களுடைய டிரம்மர் வேலை கிடைத்துப் புனேவுக்குப் போய்விட்டான். கிறிஸ்துமஸுக்கு அடுத்த வாரம் ஃபுட்பால் மைதானத்தில் கச்சேரி, டிரம்ஸ் மீரா என்று முடிவாயிற்று. ஊர்ப் பேச்சு எடுத்தால் கைப்பேசிக்குள் புகுந்துகொள்கிறவள், முதல்முறையாக என்னிடம் ஊரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டாள்: அங்கே மின்சாரம் எத்தனை மணிக்குப் போகும்?

அந்தக் கச்சேரி நடந்தே தீர வேண்டும் என்று நான் முடிவு செய்தது அப்போதுதான். அதாவது, முறைப்படி நடந்தே தீர வேண்டும்.

“பர்மிஷன்லாம் இன்னாத்துக்கு அங்கிள்? நம்ம கிரவுண்டு தானே,” என்றான் ஜோஷுவா, நாங்கள் போய் இறங்கிய மறுநாள். அவனை அப்படியே காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனேன். விண்ணப்பத்தில் ‘நிகழ்ச்சியின் தன்மை’ என்ற இடத்தில் ‘இசையும், இசைக்கேற்ற உடற்பயிற்சியும்’ என்று எழுதியிருந்தேன். இன்ஸ்பெக்டர் இளையவர், கன்னடக்காரர், கெட்டிக்காரர். ஜோஷுவா குழுவின் பழைய வீடியோ ஒன்றைத் தன் கைப்பேசியில் போட்டுக் காட்டினார்.

“சார், இது டான்ஸா, கலாட்டேயா?”

“டான்ஸ்தான்.”

“அடிச்சிக்கிறாங்களே.”

“இடிச்சிக்கிறாங்க. அடிக்கிறதுக்கும் இடிக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு. யாரும் கை மடக்கல, பாருங்க.”

அவர் பார்த்தார். வீடியோவில் அடுத்து இரண்டு அணிகளாகப் பிரிந்து எதிரெதிரே ஓடி வந்து மோதும் கட்டம். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘மரணச் சுவர்’. ஜோஷுவா அந்தப் பெயரைச் சொல்ல வாயெடுத்தான். அவன் காலை மிதித்தேன்.

மறுநாள் அந்த ஆட்டத்துக்கு இரண்டு பக்கத்தில் விதிமுறைகள் எழுதிக்கொண்டு போனேன். உலகத்திலேயே முதல்முறையாக இருக்கலாம். கயிறு கட்டிய வட்டம். உள்ளே போகவும் வரவும் ஒரே வழி. பெல்ட், சாவிக்கொத்து கூடாது. விழுந்தவரை அருகில் இருப்பவர் தூக்க வேண்டும். மாலை நான்கரைக்குத் தொடங்கி ஆறரைக்கு முடிவு. எத்தனை பேர் உள்ளே போனார்கள், எத்தனை பேர் வெளியே வந்தார்கள், உள்ளே மீதம் எத்தனை என்று மூன்று கட்டங்கள் கொண்ட ஒரு பதிவேடு. இது பழைய பழக்கம், கை தானாகப் போட்டுவிட்டது. ஏழாவது விதி: மக்களிடையே பீதி ஏற்பட்டால் உடனே நிறுத்தப்படும், பீதி நீங்கியதைப் பொறுப்பாளர் உறுதி செய்த பின்னரே தொடரும்.

இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு எழுந்து கைகொடுத்தார். பிறகு, பொறுப்பாளர் கையெழுத்து இந்தியக் குடிமகனுடையதாக, உள்ளூர் முகவரியோடு இருக்க வேண்டும் என்றார். என்னிடம் இருப்பது ஜெர்மன் பாஸ்போர்ட்டும், ஆயுள் முழுக்க வந்து போகலாம் என்று அனுமதிக்கும் ஒரு நீல அட்டையும். இதே ஊரில் ஒரு ஷிஃப்டுக்கு எத்தனையோ நூறு பேர் உயிரோடு இறங்கலாம் என்று கையெழுத்துப் போட்டவன். ஒரு டிரம்ஸ் அடிக்கப் போட முடியவில்லை. அவர் சொன்னது சரி என்பதுதான் இன்னும் எரிச்சல். நான் அவர் இடத்தில் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

கையெழுத்துக்குத் தங்கை கணவர் முனுசாமியைப் பிடித்தேன். சுரங்கத்தில் பேங்க்ஸ்மனாக இருந்தவர். ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் என்ற இரும்புக் கூண்டுக்கு மேலே, ஷாஃப்ட் என்ற செங்குத்துக் குழியின் வாயில் நின்று, போகிற தலையையும் வருகிற தலையையும் எண்ணி, மணியடித்து அனுப்புகிற வேலை. பிடிக்காத காகிதம் எதிரே வந்தால் முனுசாமியின் மூக்குக்கண்ணாடி காணாமல் போகும். அன்று ஒரு முழுநாள் காணாமல் போயிற்று.

“இன்னாய்யா இது,” என்று மறுநாள் காலை சரோஜா அரிசி டின்னிலிருந்து அதை எடுத்து நீட்டினாள். “அரிசி பேப்பர் படிக்குதா?”

முனுசாமி மாட்டிக்கொண்டு படித்தார். “மச்சான், ஆடறதுக்கு ரெண்டு பக்கமா? நம்ம கேஜுக்கே அரைப் பக்கந்தான் இருந்துச்சு.”

“கேஜுல யாரும் ஆட மாட்டாங்க மாப்ள.”

“ஆடுவாங்க. கயிறு ஆடினா எல்லாரும் ஆடுவாங்க,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

4

கச்சேரி அன்று நான் குறை சொல்ல எதுவும் இல்லை. தண்ணீர், முதலுதவிப் பெட்டி, காதில் வைக்கப் பஞ்சு, எல்லாம் தயார். மணியடித்தால் அந்தச் சத்தத்தில் கேட்காது என்பதால், கயிற்று வழியில் நிற்கும் முனுசாமியின் கையில் ஒரு சுவிட்ச், டிரம்ஸ் பக்கத்தில் ஒரு சிவப்பு பல்பு. பல்பு எரிந்தால் மீரா நிறுத்த வேண்டும். டிரம்ஸ் நின்றால் எல்லாம் நிற்கும். முனுசாமிக்கு நாற்காலி போட்டோம், உட்காரவில்லை. எண்ணுகிற வேலையை உட்கார்ந்து செய்தவன் எவன் என்று கேட்டார்.

பாட்டு தொடங்கியது. மீராவை அப்படி நான் பார்த்ததில்லை. வீட்டில் ஒரு தட்டை எடுத்து வைக்கச் சொன்னால் இரண்டு தடவை பெருமூச்சு விடுகிறவள், இரண்டு காலாலும் இரண்டு பெடல்களை மிதித்து, நான்கு கைகள் உள்ளவள்போல அடித்தாள். முடியெல்லாம் முகத்தில். வட்டத்துக்குள் பையன்களும் பெண்களும் பாய்ந்தார்கள்.

“இருவத்தெட்டு, இருவத்தொம்போது. டேய், பெல்ட்டக் கழட்டு. முப்பது,” என்றார் முனுசாமி.

பெரிய ஸ்பீக்கர்களைத் தரையிலேயே வைத்திருந்தார்கள். மூன்றாவது பாட்டில் மீரா இரு பெடல்களையும் சேர்த்து உருட்டத் தொடங்கியபோது, அதிர்வு காது வழியாக வரவில்லை. செருப்பு வழியாக வந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்துக்குப் பத்து நிமிடம். செகண்ட் ஷிஃப்ட் கீழே இருக்கிற நேரம் என்று மனது சொன்னது. எந்த ஷிஃப்ட், எங்கே கீழே என்று நான் மனதைக் கேட்கவில்லை. பாட்டு நன்றாக இருந்தது.

சற்று நேரத்தில் கான்ஸ்டபிள் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார்.

“சார், நிறுத்துங்க. ஷாஃப்ட் கேட்டாண்ட ஜனம் கூடிக்கினு கீது. நாப்பது பேருக்கு மேல. ஒண்ணியும் பேசமாட்டேங்கறாங்க. பீதின்னு எழுதிக் குடுத்தீங்களே, இதான் போல.”

முனுசாமி சுவிட்சை அழுத்தினார். பல்பு எரிந்தது. மீராவின் கைகள் அந்தரத்தில் நின்றன. அங்கிருந்தே என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அடுத்த டிசம்பர், அதற்கடுத்த டிசம்பர் எல்லாம் போய்விட்டன.

5

தங்கவயலின் சுரங்கங்கள் மிக ஆழமானவை. அந்த ஆழத்தில் பாறை சில சமயம் அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். ஏர்பிளாஸ்ட் என்போம். மேலே தரை அதிரும். அலமாரியில் டம்ளர் உருளும். உருண்டதும் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. அடுப்பை அணைத்து, கதவைச் சும்மா சாத்திவிட்டு, ஷாஃப்ட் கேட்டுக்கு நடப்பார்கள். ஓட மாட்டார்கள். பேச மாட்டார்கள். பேங்க்ஸ்மன் வெளியே வந்து, ‘எல்லாரும் மேல வந்தாச்சு, போங்க’ என்று சொல்லும்வரை நிற்பார்கள். யார் வீட்டு ஆள் எந்த ஷிஃப்ட் என்பதெல்லாம் பிறகுதான். தன் வீட்டு ஆள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாலும் போய் நிற்பார்கள்.

அந்த ஷாஃப்ட் மூடி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. கேட்டில் துருப்பிடித்த பூட்டு. எதிரே, சொன்னபடி நாற்பது பேருக்கு மேல். எல்லாரும் ஐம்பது அறுபது தாண்டியவர்கள். கரி படிந்த கையும், நனைந்த கையும், பாதி மழித்த கன்னமுமாக நிற்கிறார்கள். நான் இரண்டு பக்கம் எழுதினேன், சாவிக்கொத்தைக்கூட விடவில்லை, டம்ளர்களை மறந்துவிட்டேன். நானே கடிகாரம் பார்த்தவன், அவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசிக்கவில்லை.

முன்வரிசையில் மாவுக் கையோடு என் தங்கை.

“சரோஜா, இங்க இன்னா பண்ற?”

“டம்ளரு உருண்டுச்சுண்ணா.”

“அது கிரவுண்டுல பாட்டு.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா வந்த?”

“பாதி வழியில தெரிஞ்சுது. பாட்டுச் சத்தம் கேட்டுச்சே. இவ்ளோ தூரம் வந்தாச்சு, தேவகி வேற நிக்கறா. நான் மட்டும் எப்படித் திரும்பறது?”

“நீ நின்ன, அதான் நான் நின்னேன்,” என்றாள் பக்கத்து வீட்டுத் தேவகி. “எனக்கு முன்னாடியே தெரியும்.”

எங்களோடு மீராவும் வந்திருந்தாள், கையில் டிரம்ஸ் குச்சிகளோடு. சண்டை போடத்தான் வந்தாள் என்று நினைக்கிறேன். ஆனால் அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“யாருக்காக வெயிட் பண்றாங்க தாத்தா?”

“யாருக்காகவும் இல்ல.”

“அப்ப ஏன் போகல?”

“ஒருத்தர் சொல்லணும். சொன்னாத்தான் போவாங்க.”

முனுசாமி இதைக் கேட்டார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். கேட்டுக்கு நடந்து போய், பூட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

“கீழ யாரும் இல்ல,” என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. “எல்லாரும் மேல வந்தாச்சு. போங்க.”

யாரோ மூச்சு விட்டது கேட்டது. பிறகு பலர் விட்டார்கள்.

“யோவ் முனுசாமி, இத்தச் சொல்ல இவ்ளோ நேரமா?” என்றாள் தேவகி. “கொழம்பு ஆறிப் பச்சத் தண்ணியாயிருக்கும்.”

“உன் கொழம்பு எப்பவும் அப்படித்தானே,” என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, கூட்டம் கலகலத்துவிட்டது.

சரோஜா மீராவிடம் வந்தாள். கன்னத்தைக் கிள்ள வந்த கையில் மாவு இருந்ததால் கிள்ளவில்லை. “நீ அடிச்சதா கண்ணு அது? மூணு டம்ளரு. நெஜ ஏர்பிளாஸ்ட்டுக்கே எங்க வூட்ல ரெண்டுதான் உருளும்.”

மீரா குச்சிகளை ஒரு கைக்கு மாற்றினாள். நன்றி என்றாள்.

நான் கான்ஸ்டபிளிடம் ஏழாவது விதியை நினைவூட்டினேன். பீதி நீங்கியதைப் பொறுப்பாளர் உறுதி செய்துவிட்டார். எல்லார் முன்னிலையிலும், வாய்மொழியாக. அவர் இன்ஸ்பெக்டரைக் கைப்பேசியில் அழைத்தார். பீதி நீங்கியதற்கு என்ன அத்தாட்சி என்று மறுமுனை கேட்டது போலிருக்கிறது.

“சிரிக்கிறாங்க சார்,” என்றார் கான்ஸ்டபிள்.

அனுமதி கிடைத்தது. ஆறிய குழம்பு இன்னும் ஆறட்டும் என்று அத்தனை பேரும் மைதானத்துக்கு வந்தார்கள். அதற்கு நான் விதி எழுதியிருக்கவில்லை.

6

கயிற்றைச் சுற்றி ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர்களும் அவர்கள் மனைவிமாரும். உள்ளே அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். முதல் இடியில் சிலர் உள்ளே போய்ச் சண்டையை விலக்கப் பார்த்தார்கள். ஒரு பையன் விழுந்து, பத்துக் கைகள் அவனைத் தூக்கியதும் அடங்கிவிட்டார்கள்.

“தூக்கறானுங்களே,” என்றார் ஒருவர்.

“அப்ப சரி,” என்றார் மற்றவர். அதற்குமேல் அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

கடைசிக்கு முந்திய பாட்டில், கயிற்று வழிக்குச் சற்று உள்ளே ஒரு பெண் தடுக்கி விழுந்தாள். அருகில் இருப்பவர் தூக்க வேண்டும் என்று எழுதியவன் நான். அருகில் இருந்தவனும் நான்.

“நாப்பத்திரண்டு,” என்றார் முனுசாமி, என்னைத் தடுக்காமல்.

பெண்ணைத் தூக்கிவிட்டேன். திரும்புவதற்குள் வட்டம் என்னை இழுத்துக்கொண்டது. நான் ஆடவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். நான் வெளியேறும் வழியைத் தேடினேன். அது சுற்றிச் சுற்றி இருந்தது. பிள்ளைகள் நல்லவர்கள். சந்தையிலிருந்து முட்டை வாங்கி வருகிறவனை இடிப்பதுபோல இடித்தார்கள். “அங்கிள், சூப்பர் அங்கிள்,” என்று ஜோஷுவா மேடையிலிருந்து கத்தினான். என் ரிப்பேர் செய்த இதயம் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது சுற்றில் யாரோ பின்னாலிருந்து அன்பாக ஒரு தோள் கொடுத்தார்கள். நான் அப்போது வாயைத் திறந்து ஏதோ கத்திக்கொண்டிருந்திருக்க வேண்டும். என் மேல்வரிசைப் பல்செட் பறந்து போயிற்று.

ஷூவானால் தலைக்குமேல் தூக்கிப் பிடிப்பார்கள். பல்லுக்கு என்ன வழக்கம் என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசிப் பாட்டும் முடிந்து எல்லாரும் வெளியேறியபோது, நான் கயிற்றுக்குள்ளேயே, மேடையோரம் பெரிய ஸ்பீக்கருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து தேடிக்கொண்டிருந்தேன். சத்தம் அடங்கியிருந்தது. முனுசாமியின் குரல் தெளிவாகக் கேட்டது.

“நாப்பத்தொண்ணு. ஒருத்தர் கம்மி.”

“வூட்டுக்குப் போயிருப்பாங்க அங்கிள்,” என்றான் ஜோஷுவா.

“இந்த வழியாத்தான் போகணும். போகல. ஒருத்தர் உள்ள கீறாங்க.”

“சேஃப்டி சார்,” என்று கூப்பிட்டார்கள். “அண்ணா,” என்றாள் சரோஜா. பதில் சொல்லியிருக்கலாம். பல் இல்லாத வாயால், ‘சார்’ என்று அழைக்கும் ஊருக்குப் பதில் சொல்ல மனம் வரவில்லை. இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவே இருந்த சந்து வழியாகப் பார்த்தேன். யாரும் கலையவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பேச்சில்லாமல் நிற்கிறார்கள்; கேட்டில் நின்ற அதே நிலை. இப்போது இளையவர்களும் சேர்ந்து நின்றார்கள். ஏன் என்று தெரியாமலேயே நின்றார்கள். குழம்புக்காரத் தேவகியும் நின்றாள்.

எண்ணிக்கையைச் சரிபார்த்தே முப்பத்தோரு ஆண்டுகள் சம்பளம் வாங்கியவன் நான். எண்ணிக்கையில் குறைந்த அந்த ஒரு ஆளாக இருந்தது அன்றுதான் முதல்முறை. உள்ளேயிருந்து அது எப்படித் தெரியும் என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லவில்லை.

“தாத்தா.” மீரா மேடையிலிருந்து குதித்து வந்தாள். டிரம்ஸ் துடைக்கும் துணியைப் பிரித்துக் காட்டினாள். “இதுவா? பெடல் பக்கத்துல வந்து விழுந்துச்சு. நான் பயந்து ஒரு பீட் விட்டுட்டேன்.”

தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து அவளே கழுவினாள். நான் மாட்டிக்கொள்ளும்வரை கூட்டத்துக்கு மறைவாக நின்றாள். பிறகு திரும்பிப் பார்த்தாள்.

“ஒருத்தர்கூடப் போகல தாத்தா. உங்களுக்காக நிக்கறாங்க.”

“எனக்காகன்னு இல்ல. நாப்பத்திரண்டுக்காக.”

“அது நீங்கதானே,” என்றாள்.

கயிற்று வழியாக வெளியே வந்தேன். எங்கே போனீர்கள் என்று முனுசாமி கேட்கவில்லை. என் தோளை ஒரு விரலால் தொட்டு எண்ணினார்.

“நாப்பத்திரண்டு. எல்லாரும் மேல வந்தாச்சு. போங்க.”

ஃபுட்பால் மைதானத்தில் மேலே ஏது கீழே ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை. போனார்கள். சரோஜா மட்டும் என் வாயை உற்றுப் பார்த்துவிட்டு, “பல்லக் கட்டிக்கினு ஆடு, இல்ல ஆடாத. ரெண்டுல ஒண்ணு பண்ணுண்ணா,” என்றாள். பதிவேட்டின் மூன்றாவது கட்டத்தில், ‘உள்ளே மீதம்’ என்ற இடத்தில், முனுசாமி கண்ணாடி இல்லாமலேயே ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

7

திரும்பி வரும் விமானத்தில் அடுத்த டிசம்பரைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. இங்கே வந்ததும் குப்பைத் தொட்டிகள் என்னை அழைத்துக்கொண்டன.

சென்ற வாரம் அந்தப் பழைய சுரங்கக் கூடத்தில் மீண்டும் ஒரு கச்சேரி. மீராவுக்கு இப்போது என் துணை சட்டப்படி தேவையில்லை. ஆனாலும் கூப்பிட்டாள், போனேன். முடிந்ததும் அவளும் அவள் தோழிகளும் வாசலுக்கு வந்தார்கள். டிராம் வருகிற நேரம். வா, வா என்று மற்றவர்கள் ஜெர்மனில் அவசரப்படுத்தினார்கள். மீரா நகரவில்லை. வாசல் நடுவே நின்று விரலை நீட்டி எண்ணினாள். டிராம் வந்து, நின்று, போயிற்று. தோழிகள் திட்டினார்கள். கடைசியில் ஐந்தாமவள் கழிப்பறையிலிருந்து மப்ளரைச் சுற்றிக்கொண்டே வந்தாள். அவள் தோளை ஒரு விரலால் தொட்டு, “எல்லாரும் மேல வந்தாச்சு, போங்க,” என்றாள் மீரா, அசல் சாம்பியன் ரீப்ஸ் இழுவையோடு. ஒருத்திக்கும் புரியவில்லை. நடந்தார்கள்.

அடுத்த டிராமில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“தாத்தா, அந்த போலீஸ் அப்ளிகேஷன் எத்தன நாள் முன்னாடி குடுக்கணும்?”

“பதினஞ்சு நாள்,” என்றேன். “முனுசாமி தாத்தா கண்ணாடிக்கு ஒரு நாள் சேத்துக்கோ.”

அவள் கைப்பேசியை எடுத்து, டிசம்பருக்குப் போய், பதினாறு நாள் என்று குறித்துக்கொண்டாள்.